தொம்லூர்ச் சொக்கப்பெருமாளும் இரண்டு நிலைக்கால்களும்

பெங்களூரில் பழைய விமான நிலையச் சாலையை விட்டுத் தொம்லூருக்குள் திரும்பிச் சற்றுத் தூரம் ஏறினால், வீடுகளுக்கு நடுவே, தெருமட்டத்துக்கு மேலான ஒரு மேட்டில் சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. மதுரைச் சொக்கநாதரைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிவன் கோயில் என்று நினைத்துக்கொண்டுதான் முதன்முறை இங்கே படியேறுவார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான் வில்வ இலைப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஸ்ரீதேவி, பூதேவியோடு நின்ற பெருமாளைக் கண்டதும் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார். அர்ச்சகர் கன்னடமும் தமிழும் கலந்த பேச்சில், "இவர் சொக்கப்பெருமாள், அம்மா" என்று பொறுமையாகச் சொல்லித் தீர்த்தம் கொடுத்தார்.

அர்ச்சகர் சொன்ன அந்தப் பெயர் 13ஆம் நூற்றாண்டிலேயே இக்கோயிலின் கல்வெட்டுகளில் ஏறிவிட்ட பெயர். சொக்கு என்றால் அழகு. சொக்கன் என்றால் அழகன். மதுரையில் அது சிவனுக்கு ஆனது, தொம்லூரில் திருமாலுக்கு ஆனது. பெங்களூரின் மிகப் பழைய கோயில்களுள் ஒன்றான இங்கே தமிழிலும் கன்னடத்திலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. இறைவனை வணங்கிவிட்டு நேரே வெளியேறுகிறவர்கள் கோயிலின் பாதியைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். மீதிப் பாதி கல்லில் எழுத்தாக இருக்கிறது. அந்த எழுத்து எப்படி இங்கே வந்தது, அதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டு போனால், அரைமணி நேரத் தரிசனம் அரைநாள் வேலையாகிவிடும்.

முதலில், தமிழ் எழுத்து இங்கே வந்த வழி. இன்றைய பெங்களூர், கோலார், மைசூர்ப் பகுதிகளை உள்ளடக்கிய கங்கபாடி நெடுங்காலம் கங்கர்களின் ஆட்சியில் இருந்தது. முதலாம் இராசராசன் காலத்தில், 1004ஆம் ஆண்டை ஒட்டிச் சோழப்படை காவிரிக்கரைத் தலைக்காட்டைக் கைப்பற்றியதோடு கங்கர் ஆட்சி முடிவுக்கு வந்தது. தலைக்காடு இராசராசபுரம் ஆயிற்று. சோழர் பெயர் தாங்கிய மண்டலங்களும் வளநாடுகளும் இந்தப் பகுதி முழுவதும் உருவாயின. ஆட்சி வந்த இடத்துக்கு ஆவண மொழியும் வரும். நிலத்தை அளப்பவர், வரியைக் கணக்கிடுபவர், கொடையைப் பதிவு செய்பவர் ஆகியோரின் மொழியாகத் தமிழ் கோயில் கற்களில் ஏறியது. வைட்ஃபீல்டை அடுத்த காடுகோடியில் முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, பட்டந்தூர் ஏரியை மதகோடு அமைத்ததையும், கணபதி, துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகிய தெய்வங்களுக்கு இடம் சமைத்ததையும் சொல்கிறது. ஏரி வெட்டியதும் தெய்வத்தை நிறுத்தியதும் ஒரே கல்லில், ஒரே மூச்சில் சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். ஆறில்லாத இந்த மேட்டுநிலத்தில் ஏரி இல்லாமல் ஊர் இல்லை. ஏரிக்கீழ் நிலம் இல்லாமல் கோயிலுக்கு விளக்கெரிய வழியில்லை.

சோழர் ஆட்சி இங்கே நூறாண்டுக்குச் சற்று மேல்தான் நீடித்தது. 1116ஐ ஒட்டி, துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்ட கன்னட வம்சமான ஹொய்சளரின் அரசன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டை மீட்டு, அந்த வெற்றியையே தன் பட்டப்பெயராகவும் சூடிக்கொண்டான். தமிழும் சோழர்களோடு திரும்பிப் போயிருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படிப் போகவில்லை என்பதற்குத் தொம்லூர்க் கோயிலே சான்று. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் காலம் தெரிந்தவை 1270, 1290 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது சோழர் போய் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஹொய்சளர் ஆட்சியில், தமிழில் வெட்டப்பட்டவை.

இதற்குக் காரணமானவர்களில் ஒருவன் வீர ராமநாதன். ஹொய்சள அரசன் சோமேசுவரன் 13ஆம் நூற்றாண்டின் நடுவில் தன் நாட்டை இரண்டு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்தான். துவாரசமுத்திரத்தைத் தலைநகராகக் கொண்ட வடபகுதி மூன்றாம் நரசிம்மனுக்கும், திருச்சிக்கு அருகே சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரைத் தலைநகராகக் கொண்ட தமிழ்ப் பகுதி ராமநாதனுக்கும் சேர்ந்தன. கோலார், பெங்களூர்ப் பக்கத்து நாடுகளும் ராமநாதன் பங்கில் இருந்தன. பாண்டியர்கள் வலுத்தபோது காவிரிக்கரையை இழந்த ராமநாதன், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள குந்தாணிக்குத் தன் இருப்பை மாற்றிக்கொண்டான். கன்னட வம்சத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் ஆண்டு, இரண்டு மொழி நிலங்களும் கலக்கும் ஓசூர் மேட்டில் ஒதுங்கிய அரசனுக்குத் தமிழில் ஆணை எழுதுவது இயல்பான செயல். தன் அரசிலுள்ள கோயில் நிர்வாகத்தாருக்கு அவன் விடுத்த ஆணை தொம்லூரில் கல்வெட்டாக இருக்கிறது. ஊர் வருவாயில் ஒரு பகுதியை அவன் பெருமாளுக்கு ஒதுக்கிய செய்தி 1290ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வருகிறது. "போசள வீர ராமநாத தேவர்" என்று அவன் குறிக்கப்படுகிறான். ஹொய்சளர் என்ற பெயர் தமிழ்நாவில் போசளர் ஆனதைக் கல்லே காட்டிக்கொடுக்கிறது.

ஊரின் பெயரும் அப்படியே. தொம்லூர் இக்கல்வெட்டுகளில் தோம்பலூர் என்று வருகிறது. அதற்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்ற இன்னொரு பெயரும் உண்டு. பட்டணம் என்பது வணிகர் கூடும் ஊர். தேசி என்ற சொல் நானாதேசிகள் என்று தங்களை அழைத்துக்கொண்ட வணிகக் குழுக்களை நினைவூட்டுகிறது. கோயிலின் வளத்துக்கு ஏரிக்கீழ் நிலத்தோடு வணிகமும் துணை நின்றிருக்கும் என்று இந்தப் பெயரைக் கொண்டு ஊகிப்பது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

இனி, என்னை மீண்டும் மீண்டும் இந்தக் கோயிலுக்கு இழுக்கும் கல்வெட்டுக்கு வருகிறேன். 1270ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, அழகியார் என்ற ஒருவர் இந்தக் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் செய்து கொடுத்ததைச் சொல்கிறது. வாசலின் இருபுறமும் நிற்கும் இரண்டு கல், அவ்வளவுதான் அவருடைய கொடை. பழங்கோயில் என்றதும் ஓர் அரசன் நினைத்தான், கட்டினான் என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் ஒரு கோயில் எழுந்த விதத்தை இந்த இரண்டு நிலைக்கால்கள் சொல்கின்றன: ஒருவர் தூண் கொடுத்தார், ஒருவர் வாசற்கல் கொடுத்தார், ஒருவர் விளக்குக்கு ஆடு கொடுத்தார், ஒருவர் ஏரிக்கீழ்ப் பூமி கொடுத்தார். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்க் கோயில்களில் தூணுக்குத் தூண் கொடையாளர் பெயர் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஆனால் தொம்லூர் நெரிசலைக் கடந்து வந்து அதே வழக்கத்தை இங்கே காணும்போது நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அழகியார் யார், எந்த ஊர், என்ன தொழில் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அழகன் என்று பொருள்படும் பெயருடைய சாமிக்கு அழகியார் என்ற பெயருடையவர் வாசற்கால் நிறுத்தினார் என்பது மட்டும் எழுநூற்றைம்பது ஆண்டுகளாக நிற்கிறது.

மற்றொரு தமிழ்க் கல்வெட்டு, தலைக்காட்டு என்ற பெயரோடு குறிக்கப்படும் ஒருவரும் அவர் மனைவியும் ஜலப்பள்ளி என்ற ஊரிலும் விண்ணமங்கலம் ஏரியிலும் நிலம் கொடுத்ததைப் பதிவு செய்கிறது. மனைவியும் சேர்ந்து கொடுத்தார் என்பதைக் கல்லில் எழுத வேண்டும் என்று அன்றைக்கு யாரோ நினைத்திருக்கிறார்கள். 1440ஆம் ஆண்டுக் கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது. அது விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் ஆண்ட காலம். தோம்பலூரைச் சுற்றிய வீடுகள், கிணறுகள், நிலங்கள், அவற்றின் வரி, சுங்கம் ஆகியன சொக்கப்பெருமாளுக்கு விடப்பட்ட செய்தியும் அந்த அரசன் காலத்ததே. அரசு மாறியது, கல்லில் மொழியும் மாறியது. சாமியின் தமிழ்ப்பெயர் மாறவில்லை. முன்மண்டபத்துத் தூண்களின் வேலைப்பாடும் விஜயநகரப் பாணியைச் சேர்ந்தது. ஆக, ஒரே கோயிலுக்குள் ஹொய்சளர் காலத்துத் தமிழும் விஜயநகரக் காலத்துக் கன்னடமும் ஒன்றையொன்று அழிக்காமல் இருக்கின்றன.

இதே போன்ற சான்றுகள் மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் உண்டு. அங்குள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில், வேப்பூரைச் சேர்ந்த ஒருவர் வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழே நிலம் கொடுத்த செய்தி இருக்கிறது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்களூர் நாம் வாழும் ஊர். வகரத்தில் தொடங்கும் தமிழ்ச்சொல் பல கன்னடத்தில் பகரத்தில் தொடங்கும் என்பதை இரண்டு மொழியும் புழங்கும் வீடுகளில் குழந்தைகள்கூட அறிவார்கள். நம்முடைய வாழை அவர்களுக்குப் பாளெ, வேர் பேரு, வில் பில்லு. அந்தக் கணக்கிலேயே ஊர்ப்பெயர்களும் கல்லில் உருமாறி நிற்கின்றன. 1365ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு கல்வெட்டில் தாமரையைப் பெயரில் கொண்ட ஓர் இடம் வருகிறது; மடிவாளாவை அடுத்த இன்றைய தாவரெகெரெதான் அது. தினமும் தாவரெகெரெ நிறுத்தத்தில் பேருந்து மாறுகிறவர்களில் எத்தனை பேருக்கு, தாமரைக்குளம் ஒன்றின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியும்?

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தமிழ்க் கல்வெட்டு இருப்பதால் இந்த ஊர் யாருடையது என்ற வழக்கில் தீர்ப்பு கிடைத்துவிட்டதாக நம்மவர்கள் சிலர் உற்சாகத்தில் பேசுகிறார்கள், அது சரியில்லை. பெங்களூரு என்ற பெயரை முதன்முதலில் தாங்கிய கல், 890ஐ ஒட்டிய பேகூர்க் கல்வெட்டு. அது பழங்கன்னடத்தில், கங்கர் காலத்தில், இங்கே நடந்த ஒரு போரில் மாண்டவரைப் பற்றி எழுதப்பட்டது. அதற்கும் முந்தியது, 2018இல் ஹெப்பாளில் கண்டெடுக்கப்பட்ட 8ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு. அதேபோல் இன்று அல்சூரிலும் மர்பி டவுனிலும் சிவாஜி நகரிலும் தொம்லூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை, 1809இல் ஆங்கிலேயர் இங்கே இராணுவக் குடியிருப்பை அமைத்த பிறகு, வட ஆற்காடு முதலிய பகுதிகளிலிருந்து வேலைக்காக வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அழகியாருக்கும் நமக்கும் இரத்த உறவு தேடிப் பயனில்லை. கல்வெட்டுகள் காட்டுவது வேறொன்று: மொழிவாரி மாநிலம் என்ற எண்ணமே தோன்றாத காலத்தில், ஓர் ஊரில் இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சாமிக்குக் கொடுத்து, அவரவர் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். சண்டைக்குச் சான்றாக அதைத் தூக்கிக்கொண்டு போவது, கொடுத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

படிப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. தமிழ் தெரிந்தவர்கள் கல்லருகே போனதும் படித்துவிடலாம் என்று நினைத்து ஏமாந்து திரும்புவது வழக்கம். எழுத்து நம்முடையதுதான், முறைதான் வேறு. சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் வைக்கப்படுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தெரியும். "கொடுத்தோம்" என்ற சொல் கல்லில் "கொடுததொம" என்று நிற்கும். முதல் எழுத்து குறிலா நெடிலா என்பதையும், எங்கே புள்ளி வைத்துப் படிக்க வேண்டும் என்பதையும் பொருளைக் கொண்டு நாமே முடிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் வரும் "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற மங்கலச் சொல், வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். அது தெரிந்துவிட்டால் எங்கே தொடங்குவது என்ற சிக்கல் தீர்ந்தது. நிலக்கொடை என்றால் நான்கு எல்லைகளும், நஞ்சை புஞ்சை என்ற சொற்களும் வரும். கொடை எவ்வளவு காலம் என்பதற்குச் "சந்திராதித்தவரை" என்ற தொடரைத் தேடலாம். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்பது பொருள். பெருமாள் கோயில் கொடைகள் பல "ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை" என்றும், சிவன் கோயில் கொடைகள் "மாகேசுவர ரக்ஷை" என்றும் முடியும். அந்தந்த அடியார்களின் காப்பில் இருக்கட்டும் என்பது பொருள். கொடையைக் கெடுப்பவன் கங்கைக் கரையில் குராற்பசுவை, அதாவது கபில நிறப் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற எச்சரிக்கையும் தமிழ்க் கல்வெட்டுகளில் பரவலாக உண்டு. ஆண்டைக் கணக்கிட, கல்வெட்டில் வரும் சக ஆண்டு என்ற பழைய ஆண்டுக்கணக்கோடு 78ஐக் கூட்டினால் போதும்; 1192 என்று இருந்தால் 1270.

வெளிச்சம் எல்லாவற்றையும்விட முக்கியம். உச்சி வெயிலில் எழுத்துகள் மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது, ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் நிழல் இறங்கி, வரி வரியாகக் கல் பேசத் தொடங்கும். நிழலான இடத்தில் கைபேசி விளக்கைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் அதே பயன் கிடைக்கும். இப்படி ஒருமுறை நான் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி அருகில் வந்து உட்கார்ந்தாள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிப்பவள், வீட்டில் பாட்டியிடம் தமிழ் எழுத்துக் கற்றவள். விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே ஓட்டி, "ப... ம... இது ர" என்று மூன்று எழுத்தைக் கண்டுபிடித்தாள். நான்காவது என்ன என்று எனக்கும் தெரியவில்லை. படம் எடுப்பதென்றால் முதலில் அர்ச்சகரிடம் கேட்பது முறை. கருவறைப் பக்கம் கருவியைத் திருப்பவே கூடாது. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய், மஞ்சள் எதையும் கல்லில் பூசக் கூடாது. பூசியது துளைகளில் தங்கிக் கல்லை அரிக்கும்.

கல்வெட்டு அழிவது பெரும்பாலும் பகையால் நிகழ்வதில்லை, பக்தியால் நிகழ்கிறது என்பதுதான் இதில் வருத்தமான செய்தி. குடமுழுக்குக்கு முன்பு சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். அடிப்பகுதிக்குப் பளிங்கு ஓடு பதிக்கிறார்கள். மணலை வேகமாக வீசிக் கல்லைப் "புதிதாக்குகிறார்கள்". கருங்கல்லில் உளிபட்ட எழுத்தின் ஆழம் மிகச் சிறிது, மேல்தோல் போனால் எழுத்தும் போயிற்று. எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில், நான் சிறுவயதில் படியாக மிதித்த கல்லொன்றில் எழுத்து இருந்தது; இன்று அது சிமெண்டுக்குள் இருக்கிறது. செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது எழுத்து என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தொம்லூர், மடிவாளா, காடுகோடிக் கல்வெட்டுகளைப் பற்றி நாம் இவ்வளவு பேச முடிவதற்கே ஒருவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். 1837இல் பெங்களூரிலேயே பிறந்து, மைசூர் அரசின் தொல்லியல் துறைக்குத் தலைமை தாங்கிய பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், ஊர் ஊராகக் கல்வெட்டுகளை மைப்படி எடுக்கச் செய்து 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற தொகுதி வரிசையில் அச்சிட்டார். பெங்களூர் மாவட்டத்துக்கான ஒன்பதாம் தொகுதி 1905இல் வந்தது. மைப்படி என்பது நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, தூரிகையால் தட்டிப் பள்ளங்களுக்குள் அழுத்தி, மேலே மை ஒற்றி எடுக்கும் முறை. எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் பதியும். அத்தொகுதியில் இடம்பெற்ற பெங்களூர்க் கற்களில் பல, நகரம் பெருத்த வேகத்தில் காணாமல் போய்விட்டன. எஞ்சியவற்றை 1909இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பினர் இப்போது முப்பரிமாணக் கருவிகளால் பதிவு செய்துவருகிறார்கள். அந்தப் பதிவில் தமிழ்க் கற்களும் அடக்கம். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950 முதல் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் இயங்குகிறது. அதே ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்பட்டபோது நாம் எல்லோரும் கூடி நின்றோம். அங்கிருந்து தொம்லூர்க் கோயில் நடந்தே போகும் தூரம்தான். அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆளுக்கொரு முறை, இந்தக் கற்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால்கூடப் போதும், அடுத்த திருப்பணியின்போது "இந்தப் பக்கம் வண்ணம் வேண்டாம், இதில் எழுத்து இருக்கிறது" என்று சொல்ல அந்தத் தெருவிலேயே ஆள் இருக்கும்.

போகிறவர்கள் காலையிலேயே போவது நல்லது. காலணியைக் கழற்றிவிட்டுப் பெருமாளைச் சேவித்து, தீர்த்தமும் சடாரியும் பெற்ற பின், அவசரப்படாமல் வெளிச்சுற்றுக்கு வந்து கல்லைப் பார்க்கத் தொடங்கலாம். வாசலைத் தாண்டும்போது பெரியம்மா இப்போதெல்லாம் நிலைக்காலில் கை வைத்துத்தான் காலைத் தூக்கி வைக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. பெருமாளுக்குத் துளசி வாங்கி வருகிறார். வில்வத்தை மடிவாளாவுக்குப் போகும் நாளுக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார்.